கீழூரில் எண்ணப்பட்ட எட்டு

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் மங்கலத்துப் பக்கம் இருக்கும் சின்ன ஊர் கீழூர். பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் 1954 அக்டோபர் 18ஆம் தேதி அந்த எல்லையோரக் கிராமத்தில்தான் முடிவானது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதித்தார்கள். எட்டுப் பேர் மறுத்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான மாற்றமும் நிறைவேறியது. அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் கொடியேற்றி விழா எடுக்கிறார்கள். விழாவில் நினைவுகூரப்படுவது 170 என்ற எண். இந்தக் கட்டுரை மீதமுள்ள எட்டைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறது. இணைப்பு சரியான முடிவு. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் ஊரே ஒரு பக்கம் சாய்ந்து நின்ற அன்று எட்டுப் பேர் எழுந்து மாட்டோம் என்றார்கள், அந்த மறுப்பு எண்ணப்பட்டு ஏட்டில் ஏறியது என்பது, அதற்கு முந்தைய ஏழாண்டுகளில் வில்லியனூரிலும் பாகூரிலும் வாழ்ந்த சாதாரணக் குடியானவருக்குக் கிட்டாத ஒன்று. கொடுமையை எதிர்த்துப் பேசும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்ன சொல் பதிவாகும் இடம் ஒன்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்தச் சொல் பலிக்கிறது அல்லது வீணாகிறது. நம் கிராமங்களின் நூறாண்டு வரலாறு இதற்குச் சாட்சி சொல்லும்.

கீழூருக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு நடந்ததைப் பார்த்தால்தான் அந்த எட்டின் மதிப்பு விளங்கும். பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து ஒருவரை அனுப்ப 1951இல் தேர்தல் நடந்தது. பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் எதுவார் குபேர் 90,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். பதிவானதில் அது 99 விழுக்காட்டைத் தாண்டியது. எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் லம்பேர் சரவணன். அவர் ஊர் பேர் தெரியாத ஆளல்ல. 1946 முதல் அதே இடத்தில் உறுப்பினராக இருந்தவர். 1947இல் அந்த சோஷலிஸ்ட் கட்சியைக் குபேரோடு சேர்ந்து தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இந்தியாவோடு இணைவதே நல்ல வழி என்ற முடிவுக்குப் பின்னர் வந்தார், கட்சியை விட்டு விலகினார், அதை வெளிப்படையாகச் சொல்லி நின்றார். பதவியில் இருந்துகொண்டே மறுதேர்தலுக்கு நின்ற அந்த மனிதருக்கு விழுந்ததாக அறிவிக்கப்பட்ட வாக்குகள் 149.

இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1951இல் பிரெஞ்சு ஆட்சியின் துணையோடு நின்ற கட்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி வேண்டாம் என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மூன்றாண்டுச் சொச்சத்தில் ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் மனம் மாறிவிட்டது என்று நம்புவதற்கு இடமில்லை. பாகூர் வயல்களில் நாற்று நட்டவர்களுக்கும் வில்லியனூர்த் தறிக்காரர்களுக்கும் கடலூரிலும் விழுப்புரத்திலும் பெண் எடுத்த உறவு, கொடுத்த உறவு இருந்தது. சந்தைக்குப் போக எல்லை தாண்ட வேண்டியிருந்தது. புதுச்சேரிப் பகுதியே ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் சென்னை மாகாண ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்தது. இந்திய அரசு 1949இல் சுங்க வேலி போட்டபோது அரிசிக்கும் துணிக்கும் அல்லாடியவர்கள் இந்த எல்லையோரத்து மக்கள்தான். தங்கள் உறவும் பிழைப்பும் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் 1951இல் எண்ணப்பட்டது மக்களின் மனமா, மக்களின் பயமா என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருக்கிறது.

அந்தப் பயம் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பகுதியில் அன்று எட்டுக் கொம்யூன்கள். ஒவ்வொன்றுக்கும் மேர் எனப்படும் ஒரு தலைவர். பிறப்பும் இறப்பும் கல்யாணமும் பதிவாவது அவர் அலுவலகமான மேரியில். வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பதும் அங்கேதான், தேர்தல் நாளில் வாக்குச்சாவடியின் பொறுப்பும் அவர் பக்கம்தான். கிராமத்தில் மேராக வருபவர் பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர், அல்லது நிலம் வைத்திருப்பவரின் ஆள். ஆக, ஒரு கூலிக்காரனுக்கு வேலை கொடுப்பவரும், அவன் பிள்ளையின் பெயரை ஏட்டில் எழுதுபவரும், அவன் வாக்கை எண்ணுபவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள். இதற்கு மேல் அடியாட்கள். போலீஸ் கண்டுகொள்ளாத அடியாட்கள். பிரெஞ்சு அரசும் இந்திய அரசும் 1948 ஜூனில் ஒப்பந்தம் செய்து, மக்களே வாக்களித்துத் தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யட்டும் என்றபோது, அதே ஆண்டு அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலே அந்த வாக்கெடுப்புக்கு முன்னோட்டமாக அமைந்தது. சோஷலிஸ்ட் கட்சி அதை வாரிச் சுருட்டியது. வங்கத்துச் சந்திரநாகூரில் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தபோது இணைப்புக்கு 7,473, எதிராக 114 என்று முடிவு வந்தது. அந்த 114 பேரும் எண்ணப்பட்டார்கள். புதுச்சேரியிலோ பொதுவாக்கெடுப்பு நடக்கவே இல்லை. சர்வதேச நீதிமன்றத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951இல் வந்து பார்த்துவிட்டு, வாக்காளர் பட்டியலை நம்ப முடியாது, மக்கள் அச்சத்தில் இருக்கிறார்கள், இப்போதைய சூழலில் சுதந்திரமான வாக்கெடுப்புக்கு வழியில்லை என்ற பொருளில் அறிக்கை தந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சொல்லியிருந்தால் அரசியல் பொறாமை என்று தள்ளியிருப்பார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதிவைத்ததால் அது ஆவணமாயிற்று.

இந்தக் காலத்தில் எதிர்த்து நின்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் வ. சுப்பையா. 1911இல் பிறந்தவர், 1993இல் மறைந்தவர். 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தபோது, அந்தப் போராட்டத்தை வழிநடத்தியவர்களில் முன்வரிசையில் நின்றவர். அந்தப் பன்னிரண்டு உயிர்களின் விலையாகத்தான் 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சவானாவில் நடந்தது பாரிஸ் வரை கேட்டது. தொழிற்சங்கம் இருந்தது, இதழ் இருந்தது, பிரான்சில் அப்போது இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சி இருந்தது. ஆலைத் தொழிலாளி சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆளிருந்தது. அந்த ஆலைகளுக்குத் தினமும் நடந்துபோய் வந்தவர்களில் கிராமத்தாரும் உண்டு. ஆனால் அதே மனிதர் வேலை முடிந்து தன் ஊருக்குத் திரும்பியதும், வயலில் கூலி குறைகிறதே என்று கேட்டால் அதை எழுதிக்கொள்ள எவருமில்லை. நகரத்தில் ஒரு தொழிலாளியின் குரலுக்குக் கிடைத்த ஏடு கிராமத்தில் ஒரு பண்ணையாளின் குரலுக்குக் கிடைக்கவில்லை. நகரத்துப் போராட்டத்துக்கு நினைவு நாளும் பெயர்ப் பட்டியலும் இருக்கின்றன. கிராமத்தில் அடிபட்டவர்களுக்கு அவை இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். அவர்கள் எதிர்க்கவில்லை என்று பொருளல்ல.

சுப்பையாவைப் புகழும்போது ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. 1948இல் அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி இந்திய இணைப்பை ஆதரிக்கவில்லை. காங்கிரஸ் ஆட்சியின் கீழ் போவதைவிடப் பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சியோடு இருப்பது மேல் என்ற நிலையில் கட்சி அன்று இருந்தது. அது தவறான கணிப்பு என்றே நான் கருதுகிறேன். சில ஆண்டுகளில் கட்சியும் அதை மாற்றிக்கொண்டது. ஆனால் 1950 ஜனவரியில் புதுச்சேரியில் சுப்பையாவின் வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் அவருடைய அரசியல் கணிப்பைத் திருத்துவதற்காக வைக்கவில்லை. அடியாள் அரசியலுக்குக் கொள்கை முக்கியமில்லை. தன் சொற்படி கேட்காத ஒருவர் வெளியில் நடமாடுவதே அதற்குப் பொறுக்காது. தீவிரவாதம் எந்த நிறத்துக் கொடியோடு வந்தாலும் அதன் முதல் அடையாளம் இதுதான். மாற்றுக் கருத்து சரியா தவறா என்று வாதிட அது நேரம் செலவழிப்பதில்லை. மாற்றுக் கருத்து சொன்னவரின் வீடு எது என்றுதான் விசாரிக்கும்.

எதிர்க்குரலுக்கு ஏடு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்போல் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி அவரைத் தண்டித்தார். பொன்னுத்தம்பி அடங்கவில்லை. பாரிசின் உச்ச முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். ஒற்றை ஆள், ஒரு ஜோடி சப்பாத்து. ஒரு குடியேற்ற நீதிமன்றத்தின் ஆணவத்தை அவரால் பணிய வைக்க முடிந்தது. அவருடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் நம் சேரிகளில், மேலத்தெரு வழியே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மனிதர்களில் எத்தனை பேர் ஒருநாள் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்திருப்பார்கள்? அவர்களின் துணிச்சல் பொன்னுத்தம்பியின் துணிச்சலுக்குக் குறைந்ததா? அவருக்கு மேல்முறையீடு செய்ய ஒரு மன்றம் இருந்தது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. அதனால் வழக்கு இருந்தது, வரலாறு இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது அடி. அடிக்கு ரசீது கிடையாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன, அவற்றை எளிதில் ஒதுக்க முடியாது. முதலாவது குபேரையே முன்னிறுத்துவது. 1954 மார்ச்சில் அணி மாறியவர் அவர். மார்ச் 18ஆம் தேதி எட்டுக் கொம்யூன்களின் மேர்களும் ஆட்சிக்குழுவினரும் வாக்கெடுப்பே இல்லாமல் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31இல் நெட்டப்பாக்கம் விடுதலை பெற்றது. அங்கே தற்காலிக அரசு அமைந்தது. ஏழு மாதத்தில் கதை முடிந்தது. தனி மனிதர்கள் எதிர்த்துப் பேசிப் பேசி ஏழாண்டில் முடியாததை, பலசாலி ஒருவர் கட்சி மாறியதும் ஏழு மாதத்தில் முடித்துவிட்டாரே, அப்புறம் எதிர்க்குரலுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய ரத்தக்களரி இல்லாமல் விடுதலை வந்ததில் அந்த மாற்றத்துக்குப் பங்குண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மாற்றம் ஏன் வந்தது? நிதி முறைகேடுகள் குறித்த பிரெஞ்சு அரசின் விசாரணை அவரை நெருங்கியிருந்தது என்று அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் பல்லாண்டுகளாக நிலத்தைக் கொத்திப் பதப்படுத்தி வைத்திருந்ததால்தான், கடைசியில் வந்தவர் விதை போட்ட உடனே முளைத்தது. நெட்டப்பாக்கத்தில் மதுக்கரை வெங்கடசுப்பா ரெட்டியார் போன்றவர்களும், திருபுவனைப் பக்கம் சுப்பையாவின் தோழர்களும், எல்லைக்கு அப்பால் தலைமறைவாக வாழ்ந்து கூட்டம் சேர்த்தவர்களும் இல்லையென்றால், அணி மாறுவதற்கு ஓர் அணியே இருந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. விடுதலை வந்த விதம் அதற்குப் பின் வந்த அரசியலின் குணத்தை முடிவு செய்தது. அடியாட்களை வைத்து ஆண்டவரே விடுதலை வீரராகவும் ஆனார். 1963இல் முதலமைச்சரும் ஆனார். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். சுப்பையாவுக்கும் ஒரு சாலை இருக்கிறது, 1969இல் அமைந்த ஃபரூக் அமைச்சரவையில் இடமும் கிடைத்தது. ஆகவே அவர் மறக்கப்பட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சரவணனைத்தான் மறந்தோம். தான் தொடங்கிய கட்சி கெட்டுப்போனதைப் பார்த்து உள்ளிருந்து எழுந்து வெளியே வந்தவர், தோற்பது உறுதி என்று தெரிந்தும் நின்றவர், 149 வாக்கோடு வரலாற்றிலிருந்து இறங்கிப்போனவர். காலம் கனிந்த பிறகு மாறியவருக்குச் சிலையும், காலம் கனியும் முன்பே சொன்னவருக்கு மறதியும் என்றால், அடுத்த தலைமுறை அதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு காற்று மாறும்வரை காத்திரு. நம் கிராமங்கள் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுவிட்டன.

எதிர்த்தவர்கள் மட்டும் அகிம்சாமூர்த்திகளா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. 1954இல் கம்யூனிஸ்டுகளும் ஆயுதத்தோடு இறங்கினார்கள். ஆளுக்கு ஆள் அடியாட்படை வைத்திருந்த காலம் அது. இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் தயாரில்லை, ஏனென்றால் ஒரு தரப்பின் கையில் போலீசும் வாக்காளர் பட்டியலும் மேரியின் முத்திரையும் இருந்தன. ஆனாலும் கேட்பவர் சொல்வதில் உண்மை இருக்கிறது: அமைதியாக மறுக்க வழியில்லாத ஊரில், மறுப்பவரும் ஒருநாள் தடியைத் தேடுவார். அதைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்வது எளிது. வழியை அடைத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

கீழூரையே குறைசொல்பவர்கள் சொல்வதுதான் இவற்றுள் கனமானது. அங்கே வாக்களித்தவர்கள் 178 பேர் மட்டுமே; மக்கள் அல்ல. அந்த 178 பேரில் பெரும்பாலோர் வந்ததே முந்தைய ஆண்டுகளின் அடியாள் தேர்தல்களில். அழுக்குப் பட்டியலிலிருந்து சுத்தமான கணக்கு எப்படி வரும்? இதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. பாகூர்க் கூலிக்காரர் ஒருவரும் அன்று நேரடியாகக் கேட்கப்படவில்லை என்பது உண்மை. ஒன்றை மட்டும் சொல்ல முடியும். அந்த 170 பேர் நல்லவர்களாக மாறியதால் அப்படி வாக்களிக்கவில்லை. வெளியே ஊர் எப்படி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நகராட்சி ஏட்டில் இடம் கிடைக்காத குரல்கள் அதற்குள் தெருவுக்கு வந்திருந்தன. அந்த நெருக்கத்திலும் எட்டுப் பேர் மறுத்துச் சொல்ல முடிந்தது, அவர்கள் பெயரால் எவரும் பழிவாங்கும் ஆட்சியை அமைக்கவில்லை என்பதால்தான் கீழூரை நான் மதிக்கிறேன். பட்டியலின் அழுக்கைக் கழுவும் வேலை சுதந்திர இந்தியாவுக்கு மிச்சமிருந்தது. அதைச் செய்தோமா என்பதற்கு வருவதற்கு முன், பதிவுக்கு இடமே இல்லாத ஊரில் எதிர்த்துப் பேசியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு சான்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜனி திரணகம. தொடக்கத்தில் விடுதலைப் புலிகளிடம் ஈடுபாடு கொண்டிருந்தவர். இலங்கை அரசின் ஒடுக்குமுறையை நேரில் கண்டவர். பின்னர் இந்திய அமைதிப்படை செய்த கொடுமைகளையும், இயக்கங்கள் சொந்த மக்கள் மீது நடத்திய கொலைகளையும் ஒரே கண்ணோடு பார்க்கத் தொடங்கினார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரானார். ஊர் ஊராகச் சென்று, குறிப்பாகப் பெண்களிடம், நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்தார். மூன்று தோழர்களோடு சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ நூலில் அவை இடம்பெற்றன. 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார், வயது முப்பத்தைந்து. புலிகளே அதைச் செய்தார்கள் என்று அவருடைய தோழர்கள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். எதிரியின் கொடுமையைப் பேசுவதற்குத் தைரியம் வேண்டும். நம்மவர் கொடுமையைப் பேசுவதற்கு அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும். சரவணன் செய்ததும் ராஜனி செய்ததும் அளவில் வேறானாலும் வகையில் ஒன்று. ஏடு இல்லாத இடத்தில் ராஜனி ஏட்டைத் தானே உண்டாக்கினார். அதற்கு அவர் கொடுத்த விலையை எந்தச் சமூகமும் தன் மக்களிடம் கேட்கக் கூடாது. மக்கள் வீரர்களாக இருக்க வேண்டிய தேவையைக் குறைப்பதுதான் நல்ல ஆட்சியின் வேலை.

இனி நம் ஊர்க் கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் 1880ஆம் ஆண்டு ஆணையின் மூலம் கொம்யூன்களை ஏற்படுத்தி அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைக் கொடுத்தார்கள். எத்தனை மோசடிகள் நடந்தாலும் தேர்தல் என்ற ஒன்று இருந்தது. சுதந்திர இந்தியாவின் ஆட்சியில் புதுச்சேரியின் உள்ளாட்சிகளுக்கு 1968இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல். நடுவில் முப்பத்தெட்டு ஆண்டுகள். 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1993இல் அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. அதற்கும் பிறகு பதின்மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பின் இன்றுவரை தேர்தல் இல்லை. 2021இல் தேதி அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது, தேர்தல் நின்றது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் இன்று ஆணையர்கள் இருக்கிறார்கள், அலுவலர்கள் இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது. ஊர்க்காரர் வாக்களித்து அனுப்பிய ஒருவர் இல்லை.

இதை நிர்வாகக் குறை என்று மட்டும் பார்க்கிறவர்கள் குப்பை அள்ளுவதையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசுவார்கள். என் கவலை வேறு. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை ஒருவர் ஆக்கிரமித்தால், தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் இரவில் மணல் அள்ளினால், சுடுகாட்டுப் பாதையைச் சேரிக்காரர்களுக்கு மறுத்தால், வெளியூர் ஆட்கள் வந்து மதத்தின் பெயரிலோ சாதியின் பெயரிலோ இளைஞர்களைத் திரட்டிப் பக்கத்துத் தெருவைக் காட்டினால், அதை எதிர்த்து ஓர் ஆள் எங்கே போய்ப் பேசுவது? காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அது தனி மனிதப் பகையாகிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் போனால் அது கட்சி விவகாரமாகிறது. கிராமசபையில் எழுந்து சொன்னால்தான் அது ஊர் விவகாரம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எதிர்ப்பைப் பதிவு செய்தால் அதற்கு நடவடிக்கைப் புத்தகத்தில் வரி உண்டு. அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். நாளை அந்த உறுப்பினருக்கு ஒன்று நேர்ந்தால் காரணம் என்ன என்று தேடுபவருக்குக் கையில் காகிதம் இருக்கும்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால்தான் சாதிச் சண்டை மூளும், இப்போது ஊர் அமைதியாக இருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. மேலவளவை அவர்கள் எடுத்துக்காட்டலாம். மதுரை மாவட்டத்து அந்தப் பஞ்சாயத்துக்குத் தனித்தொகுதியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு சென்ற வேறு சிலரும் 1997 ஜூன் 30ஆம் தேதி பட்டப்பகலில் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டார்கள். தேர்தல் இல்லாமலிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்வது, நாற்காலியில் உட்காராமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாய் என்று கொலைகாரன் சொன்னதையே நாமும் திருப்பிச் சொல்வதாகும். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தலித் தலைவர் வரவே முடியவில்லை. மனு போட ஆளில்லை, வென்றவர் உடனே பதவி விலகினார். 2006 அக்டோபரில் அரசும் மாவட்ட நிர்வாகமும் உறுதியாக நின்றபோது நான்கிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மக்கள் மாறிவிட்டார்கள் என்பதைவிட, பயமுறுத்தியவர்களுக்கு இனி நடக்காது என்று புரிந்தது என்பதே சரி. தேர்தல் இல்லாத ஊரின் அமைதி, பேசினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்த அமைதி. 1951இல் புதுச்சேரியிலும் அப்படித்தான் 99 விழுக்காடு அமைதி இருந்தது.

இன்னும் சிலர், கைபேசி வந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாமே, படம் பிடித்துப் போடலாமே, பஞ்சாயத்து எதற்கு என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி ஊரெங்கும் சுற்றும். மூன்றாம் நாள் இன்னொன்று வரும். அதற்குப் பதில் சொல்ல எவருக்கும் சட்டப்படி கடமையில்லை. வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கும் அதே கைபேசிதான் ஆயுதம். அவர்களுக்குப் பணமும் ஆட்களும் கூடுதல். தனி ஆள் போட்ட பதிவுக்காக அந்த ஆள் தனியாகவே மாட்டிக்கொள்வார். ஊர்க் கூட்டத்தில் பேசியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேராவது சாட்சி. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். மூன்றில் ஒரு பங்கு இடம் சட்டப்படி அவர்களுக்கு உண்டு. 2006இல் அந்த இடங்களில் உட்கார்ந்த பெண்களில் சிலர் கணவனின் கையெழுத்துக்காகவே உட்கார்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாற்காலி இருந்தால்தான் ஒருத்தி ஒருநாள் கணவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பேசுவாள். 2011இல் நாற்காலியையே எடுத்துவிட்டோம்.

ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சிகளும் உள்ளாட்சித் தேர்தலை நடத்துவோம் என்கின்றன. ஆட்சிக்கு வந்ததும் வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணம் கிடைக்கிறது. இடஒதுக்கீடு முறையாக அமைய வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் தராத மன்றம் பழைய மேரியாகத்தான் முடியும். ஆனால் கணக்கெடுப்பை முடித்து ஒதுக்கீட்டை அறிவிக்கப் பத்தாண்டுக்கு மேல் தேவையில்லை. உண்மையான தயக்கம் வேறு என்று சந்தேகிக்க எனக்குக் காரணம் இருக்கிறது: முப்பது தொகுதிகள் கொண்ட சின்னச் சட்டமன்றத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த இன்னொரு தலைவர் இருப்பதை உறுப்பினர்கள் விரும்புவதில்லை. ஆளும் கட்சி மாறினாலும் இந்த ஒரு விஷயத்தில் அரசு மாறாததற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் கொம்யூன்களின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையையும் இலவசத்தையும் கேட்பதோடு, எங்கள் பஞ்சாயத்துத் தேர்தல் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். தேதி சொல்லாதவரிடம், ஏன் சொல்ல முடியவில்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.